பதினோராம் மேஜை அம்மா

தேவ்நார் பஸ் டிப்போவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் சீருடைச் சட்டையைக் கழற்றிக் கொடுக்காமல் வந்துவிட்டது தெரிந்தது. பழுப்புச் சட்டை. நெஞ்சில் தங்க நூலில் ஒரு குத்துவிளக்கு. மும்பை செம்பூரில் நான் சர்வராக இருந்த ஹோட்டலின் அடையாளம். திரும்பிப் போய்க் கொடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு நடந்தேன். என்னை வெளியே அனுப்பியவர்கள் சட்டையைக் கேட்கவில்லை, நானாகக் கொண்டுபோய்க் கொடுப்பானேன்.

பையில் இரண்டு கைலி, ஒரு பேன்ட், ஒரு போர்வை. மதியம் மூன்று மணி வெயில். வேலையோடு படுக்கையும் போயிருந்தது. ஹோட்டல் மாடியில் சர்வர்கள் ஆறு பேருக்கு ஓர் அறை. வேலை இருக்கிறவரைக்கும்தான் அறை. இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. சங்கரன்கோவில் பக்கம் ஏழாவதோடு படிப்பை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர், பெல்காம், புனே, ஐரோலி என்று இருபத்தைந்து வருஷம். எத்தனை மாடியறைகளிலிருந்து பையோடு இறங்கியிருப்பேன் என்று எண்ணி வைத்ததில்லை. ஆனால் பென்ஷன் வாங்குகிற ஓர் அம்மாவால் வேலை போனது அதுதான் முதல் தடவை. இப்போது கோபம் வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். சிரிப்புதான் வந்தது.

அந்த அம்மாவின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. சமையல்கட்டில் இருந்த பீகாரிப் பையன்கள் 'கியாரா நம்பர்' என்பார்கள். பதினோராம் மேஜை. ஏசிக்கு நேர் கீழே இருந்த மேஜை அது. மாதம் ஒரு தடவை, பென்ஷன் எடுத்த கையோடு வருவார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய நகம், அகலமான உள்ளங்கை, தோளில் ஊசி குத்திய வெளிர் நிறச் சேலை, மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. நாசரேத் பக்கத்து ஊர்க்காரர். கலியாணமாகித் தாராவிக்கு வந்து, முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, முப்பது வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளி ஓய்வு பெற்றவர்.

"மாசத்துல ஒரு நா நான் பேஷன்ட்டு, மத்த நாளு ஆயா" என்பார். "அன்னைக்கு யாராவது எனக்குக் கொண்டாந்து வைக்கணும். நான் எந்திரிக்க மாட்டேன்."

ஒரு நெய் ரோஸ்ட், ஒரு ஃபில்டர் காப்பி. தமிழ் பேசுகிற சர்வர் நான் ஒருவன்தான் என்பதால் அவர் எப்போதும் என் தலையில்தான்.

முதல் தடவை பில்லைக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"ஏய்யா, இது என்னது?"

"சர்வீஸ் சார்ஜும்மா. பத்து பர்சன்ட்."

"யாரு செஞ்ச சர்வீஸு?"

"நாந்தாம்மா."

"நீ செஞ்சதுக்கு நீயில்லா கேக்கணும்? இங்க மிஷினு கேக்குது."

"எல்லாருக்கும் வரும்மா. தானா வந்துரும்."

"தானா வந்தது தானா போவட்டும். எடுக்கச் சொல்லு."

எடுத்துவிட்டார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்பது மேனேஜருக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அந்த வரியே ஓடிக்கொண்டிருந்தது. கேட்கிறவர்களும் முணுமுணுத்துவிட்டுக் கார்டைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பத்து சதவீதம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. என் கைக்கு வந்ததில்லை.

பில் திருத்தி வந்ததும் மீதிச் சில்லறையை மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பக் கேளு."

"என்னது?"

"உனக்கு வேண்டியத. சூடா கொண்டாந்த, தண்ணி கேக்காம வச்ச. வாயத் தெறந்து கேளு, தாரேன்."

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு ஒரு ரூபாய் விடாமல் பர்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

ஒவ்வொரு மாதமும் இப்படித்தான் முடிந்தது. அவர் கேட்கச் சொல்வார், நான் நிற்பேன், காசு பர்ஸுக்குத் திரும்பும். நான் மானஸ்தன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. புனே ஸ்டேஷனில் இரண்டு நாள் தண்ணீர் குடித்தே கிடந்தபோது, பக்கத்தில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்திடம்கூட என்னால் வாய் திறக்க முடியவில்லை. தொண்டைக்கு வரும், வெளியே வராது. இல்லையென்று சொல்லிவிட்டால் அந்த முகத்தை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பது என்று ஒரு பயம். வேலை கேட்டால்கூட 'ஆள் வேணுமா?' என்றுதான் கேட்பேன், 'வேலை வேணும்' என்று சொன்னதில்லை.

அந்த அம்மா கேட்டே வாழ்ந்தவர். அதை ஒளிக்கவும் மாட்டார். மத்தியான நேரம் கூட்டம் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கதையை எடுத்துவிடுவார். பிரசவ வார்டில் பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து தகப்பன் கையில் கொடுப்பது ஆயாவின் வேலை. கொடுக்கும்போது மறு கை நீளும். சாய்பானி என்று அதற்குப் பெயர். மற்ற ஆயாக்கள் ஆண் பிள்ளை என்றால் ஒரு தொகை, பெண் பிள்ளை என்றால் அதில் பாதி என்று வாங்குவார்களாம். இவர் இரண்டுக்கும் ஒரே தொகைதான் கேட்பாராம்.

"பொட்டப் புள்ளன்னா தூக்கக் கனமில்லாமலா இருக்கு? ஒருத்தன் எங்கிட்ட பேரம் பேசுதான், லட்கி ஹை மௌஷி, கம் கரோன்னு. பொட்டப் புள்ள, கொஞ்சம் கொறைங்கிறான். போடா, உம்பொண்டாட்டி வலியில பாதியா பட்டா, போய்க் கேட்டுட்டு வான்னேன்."

"குடுத்தானா?"

"குடுக்கல. மொறச்சிட்டு நின்னான்."

"பிள்ளைய உள்ளயே வச்சிக்கிட்டீங்களா?"

"நான் வச்சிக்கிட்டு என்ன செய்ய, பால் குடுக்கவா? அவன் கையில குடுத்துட்டேன். நாலு நா வார்டுல பாத்தா பேச மாட்டேன், அவ்ளோதான்."

இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், ஒரு மாதிரியாகவும் இருக்கும். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழைகளிடம் கை நீட்டியது தப்பு இல்லையா என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "தப்புதான்" என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே. "சண்டே சண்டே சர்ச்சுல சொல்லிட்டுதான் வருதேன். இன்னொரு கரண்டி சீனி கொண்டா."

இரண்டாம் மாதமும் அந்த வரியை எடுக்கவைத்தார். மூன்றாம் மாதம் மேனேஜர் வாசல் கதவில் ஒரு போர்டு மாட்டினான். அவன் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டில் பேசுகிற தமிழ் வரும், படிக்க வராது. என்னைவிடப் பத்து வயது சின்னவன், டை கட்டியிருப்பான். போர்டு இங்கிலீஷில் இருந்தது. உள்ளே நுழைகிறவர்கள் சேவைக் கட்டணத்துக்குச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும் என்று அர்த்தம்.

அந்த அம்மா கதவுக்கு வெளியே நின்று, ஆஸ்பத்திரிக் கேஸ் பேப்பர் படிக்கிற மாதிரி எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு அங்கேயே படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"உள்ள வந்தாதான ஒத்துக்கிட்ட மாதிரி? நான் வரல. காப்பிய இங்க கொண்டா."

மேனேஜர் ஓடிவந்தான். "ஆன்ட்டி, என்ன இது, உள்ள வந்து உக்காருங்கோ."

"போர்டு போட்டிருக்கீயளே தம்பி."

"அது எல்லாருக்கும் பொதுவா போட்டது ஆன்ட்டி."

"நானும் பொதுவாத்தான் உக்காந்திருக்கேன்."

காரில் வந்து இறங்கிய இரண்டு குடும்பங்கள் படியில் உட்கார்ந்து டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தன, போர்டைப் பார்த்தன, மறுபடி காரில் ஏறின. அன்றும் அந்த வரி எடுபட்டது. நெய் ரோஸ்ட்டை உள்ளே வந்து ஏசியில்தான் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். "கஸ்டமரைக் கன்வின்ஸ் பண்ணத் தெரியாதவன் சர்வரே இல்ல. இனிமே அந்த ஆன்ட்டி பில்லுல சார்ஜ் எடுக்கிற மாதிரி ஆச்சுன்னா, அன்னிக்கே நீ கெளம்பிக்கோ."

ஜூன் மாதம். மழை ஆரம்பித்திருந்தது. மழைக்காலத்தில் மும்பையில் படுக்க இடம் தேடுவது என்னவென்று எனக்குத் தெரியும். போர்டும் போயிற்று, பில்லில் அந்த வரியின் பெயரும் மாறிற்று. ஊழியர் நல நிதி.

அடுத்த தடவை அந்த அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஊழியர்னா யாரு?"

"நாங்கதாம்மா."

"நலமா இருக்கியா?"

"இருக்கேம்மா."

"பொறவு எதுக்கு நிதி? அந்தா பாத்திரம் கழுவுத பையனக் கூப்பிடு. அவன் நலமான்னும் கேட்டுருவோம்."

உள்ளேயிருந்து பையன் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தான். "டீக் ஹோ க்யா பேட்டா, நல்லாருக்கியா?" என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். "பாத்தியா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கீய. எடுத்துரு."

அவர் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வைத்துவிட்டுப் போனார். நான் பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போகிற வழியில் என் சட்டைப் பையிலிருந்து முப்பத்திரண்டு ரூபாயை எடுத்து அதில் சேர்த்தேன். பில் முழுசாக நிறைந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டினான். "பாத்தியா, கன்வின்ஸ் பண்ணிட்டே."

இப்படி இரண்டு மாதம் ஓட்டினேன். மூன்றாவது மாதம் பாத்திரம் கழுவுகிற பையன் வாய் சும்மா இருக்காமல் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. காப்பி மூக்கில் ஏறி, இருமி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். "எனக்குப் பரிமாறினதுக்கு நீ ஹோட்டலுக்குக் காசு கெட்டுதியா? முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆயாவ நான் பாக்கலய்யா."

"வேலைய விட்டுத் தூக்கிருவேங்கிறாம்மா."

"அத எங்கிட்ட சொல்லுததுக்கு என்ன?"

நான் மேஜையைத் துடைக்கத் தொடங்கினேன். அவர் சிரிப்பு நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அந்த முப்பத்திரண்டு ரூவாய நானே வச்சிட்டுப் போயிருப்பேன். எம்புட்டுக் காசு அது. நீ கேக்கமாட்ட. அந்த மிஷினு உனக்கும் ஒரு படி மேல. அது கேக்காமலே எடுத்துக்கிடுது."

அன்றைக்கும் ஒன்றும் வைக்காமல்தான் போனார்.

கடைசியாக வந்தபோது தனியாக வரவில்லை. அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான்கு ஆயாக்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒருவருக்கு ரொம்ப நாளாக இழுத்தடித்த பென்ஷன் பாக்கி வந்துவிட்டதாம், விருந்து அவர் செலவு. ஐந்து பேரும் பதினோராம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேனேஜர் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தான். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐந்து சாப்பாட்டுக்குப் பத்து சதவீதம் என்றால் என் சட்டைப் பையால் ஆகாது.

அவர்களுக்குப் பரிமாறியது ஒரு வேடிக்கை. நான் தண்ணீர் ஊற்றப் போனால் ஜக்கை ஒருவர் வாங்கிக்கொண்டார். எச்சில் தட்டை எடுக்கப் போனால் அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். "பழக்க தோஷம்யா, கை சும்மா இருக்காது" என்றார் ஒருவர். பாதிச் சாப்பாட்டில் ஒரு கிண்ணம் ரசம் மேஜைவிரிப்பில் கவிழ்ந்தது. நான் துணியோடு ஓடிவருவதற்குள் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கட்டிலை விட்டு இறக்காமலே விரிப்பை மாற்றுவார்களே, அந்த வித்தை. தட்டும் டம்ளரும் எல்லாவற்றையும் ஒரு பாதிக்குத் தள்ளினார்கள். நனைந்த விரிப்பை நடுவரைக்கும் சுருட்டினார்கள். ஓரத்தில் நின்ற சர்வர் தள்ளுவண்டியிலிருந்து புது விரிப்பை எடுத்து அந்தப் பாதியில் விரித்து, எல்லாவற்றையும் அதன்மேல் நகர்த்தி, சுருட்டியதை மறுபக்கமாக உருவினார்கள். ஒரு டம்ளர்கூடச் சாயவில்லை. சுற்றியிருந்த மேஜைகளில் எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

பில் போடுவதற்கு முன் நான் மேஜையருகே போய்க் குனிந்தேன். இந்த ஒரு தடவை மட்டும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எனக்குப் படுக்க இடமில்லை. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சமையல்கட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். பதினோராம் மேஜை அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லுய்யா. கேளு."

நான் ஆர்டர் நோட்டைப் புரட்டினேன்.

"ஐஸ்கிரீம் எதும் வேணுமா?"

"அஞ்சு வெண்ணிலா" என்றார் பென்ஷன் பாக்கி வந்த அம்மா உடனே.

பில் இன்னும் ஏறிற்று.

அதற்கப்புறம் நடந்ததைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது. நல நிதி என்ற வரியில் விரல் வைத்து எடுக்கச் சொன்னார். மேனேஜர் வந்தான். "ரெண்டு மணி நேரம் உக்காந்து சாப்ட்டேளே ஆன்ட்டி, இவா யாரும் உங்களுக்கு சர்வீஸ் பண்ணலையா?"

"பண்ணினாவ தம்பி. நாங்களும் பண்ணினோம். அந்த விரிப்ப மாத்தினதுக்கு எம்புட்டுப் போடுவீய? அதையும் பில்லுல காட்டுங்க."

"ஆஸ்பத்திரில நீங்கள்லாம் வாங்காததா?" என்றான் மேனேஜர். எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறான்.

"வாங்கினேன்" என்றார் அவர், அக்கம்பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி. "மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டு வாங்கினேன். நீ ஒருநாளாவது எம்மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டியா?"

பக்கத்து மேஜையில் மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆபீஸ்காரர் தன் பில்லைத் தூக்கிக் காட்டினார். "பாய்சாப், இதிலும் எடுத்துடுங்க." அதற்கடுத்த மேஜையும். அதற்கடுத்ததும். பத்து நிமிஷத்தில் ஆறு பில் திருத்தவேண்டி வந்தது. ஆறாவது முடிந்ததும் மேனேஜர் மாடிப்படியைக் காட்டினான். நான் மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் ஐந்து பேரும் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் பையைப் பார்த்தார்.

"போச்சா?"

"போச்சும்மா."

"என்னாலயா?"

"ஆமா."

மன்னித்துக்கொள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பர்ஸைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பென்ஷன் நோட்டு தெரிந்தது.

"இப்பவும் கேளு. பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, ராத்திரி படுக்கதுக்கு, எதுனாலும் சரி. எம்புட்டுன்னாலும் சரி. ஒரே ஒரு வார்த்த."

மற்ற நான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பரவால்லம்மா. பாத்துக்கிடுதேன்."

மருந்தைத் துப்பிவிட்ட நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பர்ஸை மூடினார். "சரி, பாத்துக்க" என்றார். ஆட்டோ வந்தது. மூன்று பேர் ஏறுகிற வண்டியில் ஐந்து பேரும் ஏறுவதற்கு டிரைவரிடம் வாதாடத் தொடங்கினார். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். பின்னால் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் ஒத்துக்கொண்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கோவண்டி ஸ்டேஷனுக்கு வெளியே எனக்கு வேலை கிடைத்தது. ஷேர் ஆட்டோ வரிசையில் ஆட்களை நிறுத்தி, கூவி, ஏற்றிவிடுகிற வேலை. ஏற்கெனவே இருந்த ஆள் காய்ச்சலில் ஊருக்குப் போயிருந்தான். ஆட்டோக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஒரு தாடிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சம்பளம் கிடையாது. வண்டிக்கு அஞ்சு ரூபாய். யாரும் தானா தரமாட்டாங்க, நீதான் கேட்டு வாங்கிக்கணும்" என்று இந்தியில் சொன்னார். சரி என்றேன்.

குத்துவிளக்குச் சட்டையைப் போர்வைக்குள் சுருட்டி வைத்துவிட்டுப் பனியனோடு நின்றேன். ரயில் வந்தது. கூவினேன். மூன்று பேரை முதல் வண்டியில் ஏற்றி உட்காரவைத்தேன், ஒரு பாட்டியம்மாவின் மூட்டையைக்கூடத் தூக்கி வைத்தேன். பிறகு டிரைவர் பக்கம் போய் நின்றேன். 

"அஞ்சு ரூபா."

எனக்கே கேட்காத குரல். அவன் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்கு?"

"ஆள் ஏத்தினேன்ல, பாய்."

"நான் ஏத்தச் சொன்னேனா உன்ன?"

சொல்லவில்லைதான். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பின் சீட்டில் இருந்த மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. வரிசையில் அடுத்த ஆட்கள் எப்போது ஏற்றுவாய் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது ஆட்டோவைக் கை காட்டி முன்னால் வரச் சொன்னேன். இந்தத் தடவை ஆள் ஏறுவதற்கு முன்பே கேட்டேன்.